மலையைச் சுற்றுகிறவர்கள் வாயைக் கவனியுங்கள்

இந்த மலை எப்படி வந்தது என்று கேட்டால் இந்த ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லும். பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நடுவே அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றார். திருமால் பன்றியாகி அடியைத் தேடிப் போய், முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு திரும்பினார். பிரம்மா அன்னமாகிப் பறந்தார். பாதி வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டு, முடியைப் பார்த்துவிட்டேன் என்றார். அதனால்தான் சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை என்பார்கள். அந்த நெருப்பு குளிர்ந்து மலையானது என்கிறது தலபுராணம்.

ஆக, ‘நான் பெரியவன்’ என்ற பேச்சுக்குக் கிடைத்த பதில்தான் திருவண்ணாமலை. அந்தப் பதிலைச் சுற்றி 14 கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடக்கிறோம். நடக்கிற வழியெல்லாம் பிரம்மாவின் அதே பேச்சைப் பேசிக்கொண்டே நடக்கிறோம். இதை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த தீபம் வரட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப் போடுகிற காரியம் இல்லை இது. இன்று சாயங்காலம் பூக்காரம்மாவிடம் வாயைத் திறக்கும்போதே தொடங்கியாக வேண்டும்.

பௌர்ணமி இரவு எம லிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் நடுவே நின்று பாருங்கள். ஓரமாக ஒரு குட்டியானை வண்டி. அதில் அண்டா நிறையப் புளியோதரை. நெற்றி நிறைய விபூதி பூசிய ஓர் இளைஞர் தொன்னையில் அள்ளி அள்ளிப் போடுகிறார். சுடிதாரும் ஜீன்ஸும் போட்ட ஒரு குடும்பம் வருகிறது. “வாங்க சார், வாங்க மேடம், பிரசாதம் வாங்கிக்கோங்க. பாப்பாவுக்கு இன்னொண்ணு தரட்டுமா?” அடுத்து அழுக்குக் காவி கட்டிய ஒரு முதியவர் கை நீட்டுகிறார். “யோவ் பெருசு, இப்பதான வாங்கின? போ, போய் வரிசையில நில்லு.” அதற்கடுத்து, விழுந்த தொன்னைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த ஒரு தூய்மைப் பணியாளர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வருகிறார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். “ஏம்மா, மொதல்ல அந்தப் பக்கம் கூட்டிட்டு வா. அப்புறம் துன்னலாம்.” ஒரே அண்டா, ஒரே கரண்டி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மூன்று விதமான வாய்.

அந்த இளைஞரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கைக்காசைப் போட்டுச் சமைத்து, தூக்கம் கெட்டு வந்து நிற்கிறார். முதியவருக்கும் சோறு கிடைக்கத்தான் செய்தது. ஆனால் கரண்டியைக் கையில் எடுத்த நேரத்திலேயே தன்னைப் பற்றி அவர் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது: நான் கொடுக்கிறவன். அந்தப் படத்துக்கு எதிரே காரில் வந்தவர் விருந்தாளி, காவி கட்டியவர் தொல்லை, கூட்டுகிறவர் வேலைக்காரி. வாய் அந்தப் படத்தைத்தான் படித்துக் காட்டியது.

தமிழில் இது இன்னும் சிக்கல். ஒருவரிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் அவர் யார், நான் யார் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வினைச்சொல்லுக்கு வால் ஒட்ட முடியும். வந்தியா, வந்தீங்களா, இரண்டில் ஒன்றுதான். இங்கிலீஷ்காரர் ஒரு ‘யூ’வைப் போட்டுத் தப்பித்துக்கொள்வார். நமக்கு அந்த வசதி இல்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் நாம் பேசுகிற அழகைக் கவனித்திருப்பீர்கள். “எங்க இறங்கறது?” “டிபன் ஆச்சா?” “சொந்த ஊரே இதானா?” என்று வாலை முழுங்கி முழுங்கிப் பேசுவோம். ஊர் தெரிந்து, வேலை தெரிந்து, நாசூக்காகத் தெருவும் தெரிந்த பிறகுதான் நீயோ நீங்களோ வந்து உட்காரும். எடை போடுவதற்கு நாம் வைத்திருக்கிற அவகாசம் அது. சட்டைக் காலரைப் பார்த்தே எடை தெரிந்துவிட்டால் அந்த அவகாசமும் தேவைப்படுவதில்லை.

ஹேசல் மார்க்கஸ், ஷினோபு கிட்டயாமா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் எழுதிய ஒரு கட்டுரையை இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். அமெரிக்கர்கள் ‘நான்’ என்பதைத் தனியாக நிற்கும் ஓர் ஆளாக நினைக்கிறார்கள். ஆசியப் பண்பாடுகள் பலவற்றில் ‘நான்’ என்பது சுற்றியிருக்கும் உறவுகளோடு பின்னிக் கிடக்கிறது என்றார்கள். அதற்கு முன்பே, 1984இல் வெளிவந்த தன் நூலில், இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலன்டைன் டேனியல் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் தங்கிப் பார்த்ததை எழுதியிருக்கிறார். ஊர் மண்ணின் குணம் ஆளுக்குள் இறங்கும், வீட்டின் குணம் குடியிருப்பவருக்கு ஒட்டும் என்று நம்புகிறவர்கள் நாம். நம் ‘ஆள்’ தோலோடு முடிந்துபோகிறவர் இல்லை என்பது அதன் சாரம். நம் பாட்டிகள் இதைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. முன்பின் தெரியாதவரை அண்ணே, அக்கா, ஆயா, பெரியவரே என்று ஒரே சொல்லில் வீட்டுத் திண்ணையில் ஏற்றி உட்கார வைக்கிற மொழி இது. ஆனால் உறவோடு பின்னிய அந்த ‘நான்’ அன்பில் மட்டுமா பின்னியிருக்கிறது? மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற ஏணியிலும் சேர்ந்தே பின்னியிருக்கிறது. கீழே ஆள் இருந்தால்தான் என் படி எதுவென்று எனக்குத் தெரிகிறது. மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சை அலுவலக உதவியாளரிடம் இறக்குகிறோம், அவர் அதை வாசலில் நிற்கும் மனுக்காரரிடம் இறக்குகிறார், மனுக்காரர் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை விற்கிற பையனிடம் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார். அந்தப் பையன் யாரிடம் இறக்குவான் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்தீர்களா?

1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன் இந்த ஊரில் வந்து இறங்கினார். நாளடைவில் ரமண மகரிஷி ஆனார். பேச்சை விட்டிருந்த காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். அதுதான் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகமானது. இன்று அவர் ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் அந்தக் கேள்வியைத் தாங்கிய படமும் புத்தகமும் கிடைக்காத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, “ஏய் ஆட்டோ, வரியா?” என்கிறோம்.

அவர் வாழ்க்கையை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஆசிரமத்தில் இருந்த மிருகங்களை ரமணர் ‘அது’ என்று சொல்லிக் கேட்டதே இல்லையாம். அவன், அவள் என்றுதான் சொல்வாராம். நாய்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று கேட்க வேண்டுமென்றால், பையன்களுக்குப் போட்டாச்சா என்று கேட்பாராம். லட்சுமி என்ற பசு 1948 ஜூனில் இறந்தபோது ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி வைத்தார்கள். போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். அவர் அஃறிணையை உயர்திணைக்கு ஏற்றினார். நாமோ மூன்று பிள்ளை பெற்ற ஒரு தாயை, “அந்தக் கூட்டுறது இன்னைக்கு வந்துச்சா?” என்று எதிர்த்திசையில் இறக்கிக்கொண்டிருக்கிறோம். ‘நான் யார்?’ என்ற கேள்வியை ஒருவர் உண்மையாகக் கேட்டாரா என்பதற்கு அவர் கண்ணை மூடி எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பது சாட்சி ஆகாது. எழுந்து வந்து செருப்புக் காவல் ஆளிடம் டோக்கனைக் கொடுக்கும்போது என்ன பேசினார் என்று பாருங்கள். அது சாட்சி.

இதைச் சொன்னால் உடனே சில பதில்கள் வரும். அத்தனையும் நமக்கு மனப்பாடம்.

கடவுளையே நீ என்கிறோமே, அண்ணாமலையாரை யாராவது நீங்கள் என்று கூப்பிடுகிறார்களா என்பார்கள். நல்ல கேள்விதான். அம்மாவை நீ என்கிறோம், சிநேகிதனை வாடா என்கிறோம், தெய்வத்தை ஏகவசனத்தில் ஏசவும் செய்கிறோம். அதெல்லாம் திரும்பி வருகிற நீ. சிநேகிதன் நம்மையும் வாடா என்பான், அம்மாவும் நம்மை நீ என்பாள். ஆகவே சோதனை மிக எளிது. நீங்கள் ஒருவரிடம் சொன்ன அதே சொல்லை, அதே குரலில் அவர் உங்களுக்குத் திருப்பிச் சொன்னால் உங்கள் முகம் எப்படி ஆகும்? “இன்னாய்யா, மாத்திக் கட்டுறியா?” என்று நீங்கள் கேட்ட பூக்காரர், “ஆமாய்யா, நீ காசு எடு” என்றால் சிரிப்பீர்களா? சிரிப்பீர்கள் என்றால் உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது சிநேகம். யாரும் குறுக்கே வர வேண்டாம். முகம் சுண்டினால் அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொருவர், பழக்கதோஷம், மனசுல ஒண்ணும் இல்லை என்பார். மனதில் ஒன்றும் இல்லாமலே மாவட்ட ஆட்சியரிடம் மட்டும் அந்தப் பழக்கம் எப்படித் தவறாமல் மாறிக்கொள்கிறது? காக்கிச் சட்டை தெரிந்தவுடன் எப்படிக் குரல் இறங்குகிறது? வாய்க்கு நன்றாகத் தெரியும். தெரியாதது மாதிரி நடிக்கிறது.

மூன்றாவது பதில் எங்கள் வடாற்காட்டுப் பேச்சே அப்படித்தான், கரடுமுரடு என்பது. இதில் பாதி உண்மை உண்டு. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள், இங்கே கடைக்காரர் உரக்கப் பேசினாலே மரியாதை தெரியாதவர் என்று முகம் சுளிக்கிறார்கள். அது தவறு. லண்டன் ஹீத்ரோ விமான நிலைய உணவகத்தில் நடந்த ஒன்றை மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் எழுதியிருக்கிறார். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போன பெண்கள் அங்கே புதிதாகப் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார்கள். இறைச்சியின் மேல் ‘கிரேவி’ ஊற்றட்டுமா என்று கேட்க, ஆங்கிலேயப் பெண்கள் அந்த ஒற்றைச் சொல்லைக் குரல் ஏற்றிச் சொல்வார்கள். நம் பெண்களோ குரலை இறக்கிச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது ‘இந்தா, எடுத்துக்கோ’ என்று விட்டெறிவது போல இருந்தது. திமிர் பிடித்தவர்கள் என்று பேர். பெண்களுக்கோ நம்மை ஏன் வெறுக்கிறார்கள் என்றே புரியவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் இரண்டு பக்கமும் விளங்கியது. ராகம் ஊருக்கு ஊர் வேறு. ராகத்தை வைத்து ஆளை முடிவு கட்டாதீர்கள். இனிமையான ராகத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம்: வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுகிற கொங்கு மண்டலத்திலும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது என்பதை ஆய்வுகளும் வழக்குகளும் சொல்லும். நான் கேட்பது ராகத்தை மாற்றச் சொல்லி இல்லை. உரக்கப் பேசுங்கள், வடாற்காட்டுத் தமிழே பேசுங்கள். ஆனால் அதே உரத்த குரலும் அதே தமிழும் காரில் வந்தவருக்கும் கிடைக்கட்டும். இல்லை, காரில் வந்தவருக்குக் கிடைப்பது கூட்டுகிறவருக்கும் கிடைக்கட்டும்.

ஸ்வீடன் நாட்டில் 1967இல் ப்ரூர் ரெக்செட் என்பவர் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது, இனிமேல் அலுவலகத்தில் எல்லாரையும் ‘நீ’ என்றே கூப்பிடப் போகிறேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்றார். பட்டம் சொல்லி, பதவி சொல்லி வளைந்து வளைந்து பேசிக்கொண்டிருந்த நாடு சில ஆண்டுகளில் ‘நீ’க்கு மாறிவிட்டது. அங்கே எல்லாரும் கீழ்ப்படியில் இறங்கிச் சமமானார்கள். இங்கே அந்த வழி செல்லாது. நம் ஊரில் ‘நீ’ சிலர் மேல் நூற்றாண்டுகளாக எறியப்பட்ட சொல். எல்லாருக்கும் அதையே எறியலாம் என்றால், ஏற்கெனவே அடிபட்டவருக்கு என்ன ஆறுதல்? நாம் மேலே ஏற்றித்தான் சமமாக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் தாமாக இறங்கியதும் இங்கே உண்டு. நீதிபதி கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது தன்னை ‘மை லார்ட்’ என்று கூப்பிட வேண்டாம் என்று வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். 2021இல் கேரளத்தின் மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வருகிற மக்கள் யாரையும் சார், மேடம் என்று கூப்பிட வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. உயரத்தில் இருப்பவர் தானாக ஒரு படி இறங்குவது வேறு, கீழே தள்ளப்பட்டவரைத் தள்ளியே வைத்திருப்பது வேறு.

இனி இந்த மாவட்டத்துக்கே வருவோம். தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர் என்றொரு ஊர். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகப் போக முடியாமல் இருந்தது. 2023 ஜனவரி 30ஆம் தேதி, மாவட்ட நிர்வாகமும் போலீசும் கூடவே நிற்க, உள்ளே போனார்கள், பொங்கல் வைத்தார்கள். அதே 2023 ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலில் இதேபோல நுழைவு நடந்தது. அந்த ஊரில் தகராறு பெரிதாகக் காரணமே இரண்டு இளைஞர்கள் சமூக ஊடகத்தில் ஒருவரையொருவர் பேசிக்கொண்ட பேச்சுதான்.

போலீஸ் நின்றால் கதவு திறக்கும். போலீஸ் போன பிறகு மறுநாள் காலை, கோயிலுக்குள் போய் வந்த பெரியவர் ஊர்த் தெருவில் நடக்கிறார். அவர் பேரன் வயதுப் பையன் ஒருவன் எதிரே வந்து அவரைப் பெயர் சொல்லி, “எங்க போற?” என்கிறான். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் இதைப் பிடிப்பது? 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினால் குற்றம் என்கிறது, நியாயம். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார், அதுவும் நியாயம். ஆனால் அந்தப் பையன் சாதிப் பேரைச் சொல்லவில்லை, காலனி என்றும் சொல்லவில்லை. ‘போற’ என்று ஒரு வாலைத்தான் ஒட்டினான். தன்னைவிட ஐம்பது வயது மூத்தவரை அப்படிக் கேட்கலாம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடம் இல்லை. அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டு வளர்ந்தான். அவன் அப்பாவுக்கு அதே திண்ணையில் அவருடைய அப்பா.

கேட்டுக்கொண்டு போகிறாரே அந்தப் பெரியவர், அவருக்குள் நடப்பதுதான் இதில் மிகக் கொடியது. அறுபது வருஷம் ஒருவரை வா, போ என்றே கூப்பிட்டால், அவர் தன்னைத் தானே அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளத் தொடங்குவார். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். பேத்தி பத்தாவதில் முதல் மதிப்பெண் வாங்கியதைச் சொல்ல வாய் எடுத்து, “அது என்னமோ படிக்குதுங்க” என்று விழுங்கிவிடுவார். மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ஒண்ணுமில்லீங்க சாமி என்பார். அந்த ஒண்ணுமில்லையால் உயிரே போயிருக்கும். பெரியார் 1925இல் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பேர் வைத்தது சும்மா இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய அதன் முதல் மாகாண மாநாடு பேருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடாதே என்று தீர்மானம் போட்டது. பேருக்குப் பின்னால் இருந்த வாலைத் தமிழ்நாடு பெரும்பாலும் வெட்டிவிட்டது. இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு நடக்கவில்லை. வினைச்சொல்லின் வாலில் ஒளிந்துகொண்டது மட்டும் அங்கேயே இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பாருங்கள். “ஏங்க, சாப்பிட வாங்க” என்று ஒரு குரல் போகிறது. “இருடி, வரேன்” என்று ஒரு குரல் திரும்புகிறது. அன்பால் சொல்கிறேன் என்பீர்கள். இருக்கலாம். பூக்காரருக்கு வைத்த அதே சோதனையை இங்கேயும் வைத்துப் பாருங்கள். உங்கள் மகன் பத்து வயதில் தன் தங்கையிடம் எந்தக் குரலில் தண்ணீர் கேட்கிறான் என்று கேட்டீர்களானால் பதில் அதிலேயே இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நோயும் இந்த ஊரில் உண்டு. இங்கே இதைச் சொல்லாமல் முடியாது. நவம்பர் பிறந்தால் ரமணாசிரமப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து நிறைகிறார்கள். கூட்டுகிற அம்மாவை நீ என்ற அதே வாய், இருபது வயது ஜெர்மன்காரப் பையனிடம் “யெஸ் சார்” என்று குழைகிறது. இளநீர் விலையும் கூடவே ஏறும் என்பது தனிக்கதை. அங்கே மரியாதை என்ற பேரில் போவது தோலின் நிறத்துக்குப் போடுகிற கும்பிடு. வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூன்று மாதம் இங்கே தங்கி அத்வைதம் படிக்கிறீர்கள், துணி துவைத்துத் தருகிற அம்மாவின் பேர் தெரியுமா?

தாழ்த்திப் பேசிக்கொள்வதாலேயே அடக்கம் வந்துவிட்டதென்றும் நினைக்க வேண்டாம். இந்த ஊரில் வாழ்ந்த யோகி ராம்சுரத்குமார் தன்னை எப்போதும் ‘இந்தப் பிச்சைக்காரன்’ என்றே சொல்லிக்கொண்டார். அவரிடம் அது உண்மையாக இருந்தது. வீதியில் கிடந்தவர், விசிறியும் கொட்டாங்கச்சியுமாகத் திரிந்தவர். அதைக் கேட்டு வளர்ந்த நாம் மேடையில் ‘அடியேன்’ என்று தொடங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும், மைக் செட் பையனிடம், “டேய், வயரை ஒழுங்கா போடத் தெரியாதா?” இந்த அடியேனுக்கு மைக் இருந்தால் போதும்.

தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு லட்சக்கணக்கான பேர் தலையைத் தூக்கி மலை உச்சியைப் பார்க்கிறோம். 2,668 அடி உயரத்தில் அந்த நெருப்பை ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தவர்கள். பரம்பரையாக அது அவர்கள் உரிமை. கொப்பரையை மலை மேல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், நெய்யையும் திரித்துணியையும் சுமந்து ஏறுகிறார்கள். இது மீனவ சமூகம். கீழே அரோகரா போடுகிற நம்மில் எத்தனை பேர் சந்தையில் மீன் விற்கிற அம்மாவிடம் வாங்க, போங்க என்று பேசியிருக்கிறோம்?

கடைசியாக, அன்னதானம் போடுகிறவர்களிடமும் அனுமதி தருகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போட மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். எந்த இடத்தில் போடலாம், பிளாஸ்டிக் கூடாது, சாப்பாடு சுத்தமாக இருக்க வேண்டும், குப்பையை அள்ள ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: வாங்க வருகிற எல்லாரையும், சாதுக்களையும் தூய்மைப் பணியாளர்களையும் சேர்த்து, ‘வாங்க’ என்று அழைத்தே பரிமாற வேண்டும். அரசு சேர்க்காவிட்டால் குழுவை நடத்துகிறவர் சேர்க்கட்டும். அண்டாவின் மூடியைத் திறக்கும் முன்பு கரண்டி பிடிக்கப் போகிற பையன்கள் நாலு பேரையும் நிற்க வைத்து, தட்டு கழுவ வந்த ஆயாவின் பேர் என்ன என்று கேளுங்கள். தெரியாது என்றால் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். வந்தபின் முதல் தொன்னையை அவருக்குப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் வருவதற்குள் எவனாவது ‘யோவ்’ என்றால் கரண்டியை வாங்கி அடுத்தவனிடம் கொடுங்கள்.